சக்களத்தி சேலை

இல்லைங்க தம்பி, பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா அந்தக் கொண்டக்டர் பையன் ஒரு தேங்காய் மூட்டையத் தூக்கி அது மேல போட்ருவான். கீழயும் வைக்க ஏலாது, காலடியில வைக்கிற சாமான் இல்ல இது. பாரமெல்லாம் இல்லைங்க. சேலைதான். ஒரே ஒரு சேலை.

சம்சாரத்துக்கா? அவ போய்ச் சேந்து நாளாச்சு. இது நான் கட்டுன சேலைங்க. ஆமா, நான்தான். ஏழெட்டு வருசம் கட்டியிருக்கேன். சிரிங்க, சிரிங்க, தப்பில்ல. முன் சீட்டு அம்மாவே திரும்பிப் பாத்துருச்சு.

பேரு சன்னாசி, போட்ட வேசம் ரதி. பேர் வச்ச எங்கப்பன் இத நெனச்சே பாத்துருக்க மாட்டாரு. நீங்க அப்புத்தளைதானே? உங்க வாப்பா காலத்து ஆளுங்களக் கேட்டுப் பாருங்க, ரதி சன்னாசின்னா தெரியும். காமன் கூத்து பாத்ததில்லையா? மாசி மாசத்துல தேயிலைத் தோட்டத்துல ஆடுறது. மன்மதன் சிவன் மேல அம்பு விடுவான். அவரு நெத்திக்கண்ணத் தொறந்து ஆளைச் சாம்பலாக்கிருவாரு. ரதி விழுந்து பொரண்டு அழுவா. அந்த அழுகைக்கு எரக்கப்பட்டு மூணாம் நா மன்மதன எழுப்பிக் குடுப்பாங்க. கதை அவ்வளவுதான். ஆனா கூட்டம் அந்த அழுகைக்குத்தான் வரும். நான் அழுதேன்னா கணக்கப்பிள்ளைமாரே கண்ணத் தொடைப்பாங்க. ஒரு தடவை பங்களாவுல இருந்து தொரை ஆளனுப்பி, எந்த லயத்து வீட்டுல சாவுன்னு கேட்டாரு!

யமு மல்லி, யமு! போவோம்னு சிங்களத்துல சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறான் டிரைவரு. பாருங்க, தெமோதரையில வண்டிய நிப்பாட்டிட்டு எறங்கிப் போறான் டீ குடிக்க. மூணு மணிக்கு முன்னாடி நான் பழைய தோட்டத்துல நிக்கணும் தம்பி. ஒரு பாட்டு பாடணும். பாடி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. தொண்டையில இருந்து சத்தம் வருமா வராதான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பயம். பதுளையில மக வீட்டுலதான் இருக்கேன். காலையில பாத்ரூம்ல ஒருக்கா எடுத்துப் பாத்தேன். மக ஓடி வந்து கதவத் தட்டி, அப்பா வழுக்கி விழுந்துட்டீங்களாங்கிறா. அந்த லட்சணத்துல இருக்கு குரலு.

மன்மதனா? நல்லையா. லயத்துல எனக்குப் பக்கத்துக் காம்பிரா, நடுவுல ஒரு செவுருதான். நல்ல ஒசரம், முறுக்கின மீசை. ஆனா மேடையில ஏறுனா வசனம் மறந்துரும் பாவிக்கு. முழிச்சிக்கிட்டு நிப்பான். நான்தான் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு எடுத்துக் குடுப்பேன். பாக்குறவங்க ரதி வெக்கப்படுறான்னு நெனச்சுக்குவாங்க.

அவனுக்கு ஒரு தை மாசத்துல கல்யாணம். பொண்ணு வெலிமடைப் பக்கம், ரெங்கம்மா. அவங்க காய்கறித் தோட்டத்து ஆளுக, கூத்துன்னா என்னான்னே தெரியாது. நம்ம ஆளு மன்மதனா வர்றேன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னவன், ரதி யாருன்னு சொல்லல. பக்கத்துக் காம்பிராவுல பீடி குடிச்சிக்கிட்டு நிக்கிற சன்னாசிதான் அதுன்னு அந்தப் புள்ளைக்கு எப்புடித் தெரியும்? தலை நெறையப் பூ, கை நெறைய வளையல், நான் மேடையில தலையக் குனிஞ்சு நிக்கிறேன். நல்லையா தாலியக் கட்டுறான். தப்பு அடிக்கிறாங்க. கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அடியேய்ன்னு!

அவளேதான். புலி மாதிரி ஏறி வந்தா மேடைக்கு. ஒரு கையில என் சேலை, ஒரு கையில என் தலைமுடி. சேலை டர்ருன்னு கிழிஞ்சிருச்சு, எங்கக்காகிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்த சேலை. முடி கையோட போயிருச்சு. டோப்பாதானே! கையில இருக்குற முடியப் பாக்குறா, என் மொட்டை மண்டையப் பாக்குறா, காதுல நான் சொருகி வச்சிருந்த பாதி பீடியப் பாக்குறா. தப்புக்காரங்க அடிக்கிறத நிப்பாட்டிட்டாங்க. அவ என்ன சொன்னா தெரியுமா? இந்த மூஞ்சிக்கா நான் இம்புட்டு தூரம் ஓடி வந்தேன்னா! சிவனா நின்ன பெரிய கங்காணி சிரிச்ச சிரிப்புல நெத்திக்கண்ணு கழண்டு கீழ விழுந்துருச்சு.

மறுநா காலையில வந்தா. கையில அவ கூறைச்சேலை. கல்யாணத்துக்குக் கட்டுனது, ஒரு மாசம் ஆகல. கிழிச்சது நானு, கட்டிக்க, ஆனா பொண்டாட்டி நான்தான், நெனப்புல வச்சுக்கன்னு குடுத்துட்டுப் போனா. அது இதுதான் தம்பி. நீங்க துணிக்கடைக்காரரா? அப்ப தொட்டுப் பாருங்க. பூச்சி உருண்டை மணக்கும், ஒன்னும் நெனச்சுக்காதீங்க. அசல் ஜரிகையா? அவ சொன்னா, நான்தான் நம்பல.

அன்னையில இருந்து எனக்குப் பேரே சக்களத்திதான். கொழுந்து எடுக்கப் போறப்ப, காலையில பேர் குடுக்குற பெரட்டுக் களத்துல, கோயில்ல, எங்க கண்டாலும், என்னா சக்களத்தி சாப்ட்டியாம்பா. எனக்கு வாய்ச்ச சம்சாரமும் அவ கூட சேந்துக்கிட்டு அப்புடியே கூப்புட ஆரம்பிச்சிட்டா. காப்பு கட்டுனா மன்மதனும் ரதியும் வீட்டுக்குப் போகக் கூடாது, கோயில்லதான் சோறு தண்ணி எல்லாம். ரெங்கம்மாதான் ரெண்டு பேருக்கும் சோறு கொண்டு வருவா. அவனுக்குத் தயிரு, எனக்குக் கொச்சிக்கா மொளகாய அரைச்சு ஊத்துன கொழம்பு! ஏன்டி இப்புடின்னு கேட்டா, ரதி நல்லா அழணுமில்லங்கிறா. எனக்குக் கண்ணுல மூக்குல தண்ணி. நல்லையா தயிர வழிச்சுத் தின்னுக்கிட்டு ஒன்னும் தெரியாத மாதிரி இருப்பான்.

கூத்து நின்னுச்சு. சேலை என்கிட்டயே தங்கிருச்சு. பதுளைக்கு வந்த பெறகும் போன் போட்டா மொதல் பேச்சு, என் சேலைய எப்பக் குடுப்பதான். இது ரதி சேலை, ஒனக்கு எப்புடிச் சொந்தம்னு நானும் வம்புக்கு நிப்பேன். அவ கேக்கணும், நான் இல்லங்கணும். குடுத்துட்டா அப்புறம் பேச என்னா இருக்கு?

தியத்தலாவை தாண்டிட்டமா? சரி, சரி, கிட்ட வந்துட்டோம்.

போன மாசம் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துருந்தாங்க அவள. போய்ப் பாத்தேன். எளச்சு, கொழுந்துக் கூடையில போட்டுத் தூக்கிரலாம் போல கெடந்தா. வாய் மட்டும் அப்புடியே இருந்துச்சு. சக்களத்தி, எம் புருசன் சாகாமலே அவனுக்கு வருசா வருசம் அழுதியே, எனக்கும் ஒருக்கா அழுதுரு, இங்க யாருக்கும் அழத் தெரியல, போன்ல ஒப்பாரியப் போட்டு ஸ்பீக்கர் பொக்ஸுல விடுறாளுக, அந்தக் கருமம் எனக்கு வேணாம்னா. பொட்டோட போறேன், கூறைச்சேலை கட்டித்தான் போவேன், கொண்டாந்துருன்னா. கொச்சிக்காக் கொழம்பு வச்சுக் குடு, அழுகுறேன்னேன். சிரிச்சா. சிரிச்சு இருமல் வந்து, நர்ஸம்மா என்னை வெளிய போகச் சொல்லிருச்சு.

விடியக்காலம் போன் வந்துச்சு. நல்லையா. ஹலோங்கிறான், அவ்வளவுதான். வசனம் மறந்துட்டான் தம்பி. நான்தான் எடுத்துக் குடுத்தேன். ரெங்கம்மாவாடான்னு கேட்டேன். ம்முன்னான்.

சேலை வராம எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பாட்டு அதே பாட்டுதான். மன்மதன் பேரு வர்ற எடத்துல அவ பேரப் போடணும். வழியெல்லாம் மனசுக்குள்ள போட்டுப் பாத்துக்கிட்டே வாறேன், தாளத்துல சரியாத்தான் உக்காருது. ரதி அழுதா எழுப்பிக் குடுப்பாங்க. நான் அழுதா எவன் எழுப்பிக் குடுக்கப் போறான்?

ஹோல்ட் மல்லி, ஹோல்ட்! அந்த மாடசாமி கோயில்கிட்ட நிப்பாட்டு. இல்லைங்க தம்பி, தண்ணி வேணாம். தொண்டைக்கு ஒன்னும் இல்ல. வருமா வராதான்னு பயந்தேனே, பாருங்க, எறங்குறதுக்கு முன்னாடியே வந்துருச்சு. இந்தப் பைய மட்டும் கொஞ்சம் பிடிங்க, மூஞ்சியத் தொடச்சுக்கிறேன். சேலை நனைஞ்சிச்சுன்னா என் சக்களத்தி என்னைச் சும்மா விட மாட்டா.