மாத்திரையை நிறுத்தியது யார் என்பது பற்றி

என் பெயரும் விலாசமும் மேலே தனியாக எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றில் செல் வளர்க்கும் பிரிவில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். இறந்தவர் என் கணவர். காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூவுபவர். அங்கே அவரை மைக்செட் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரின் கவனக்குறைவால்தான் அவர் இறந்தார் என்று என் கணவரின் அண்ணன் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

என் கணவருக்கு நுரையீரலில் தழும்பேறும் நோய் இருந்தது. உடம்பில் எங்கே காயம் பட்டாலும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் கூடி நார் போட்டு அடைக்கும். வா, வேலையைத் தொடங்கு என்று அவற்றுக்குத் தகவல் சொல்வது உடம்பில் சுரக்கும் சில மூலக்கூறுகள். அவற்றில் முக்கியமானது டி.ஜி.எஃப். பீட்டா. காயம் மூடியதும் அந்தத் தகவல் நின்றுவிட வேண்டும், செல்களும் ஒழிந்துபோக வேண்டும். இவர் நுரையீரலில் அது நிற்கவே இல்லை. நார்மேல் நார் ஏறி, காற்றுப் போகும் மெல்லிய இடமெல்லாம் தடித்துவிட்டது. இதை நான் விளக்கியபோது, "நம்ம வீடு கட்ட வந்த கொத்தனாரு பாதியில ஓடிட்டான், உள்ள வந்தவன் போகவே மாட்டேங்கிறானே" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

அதன் பிறகு, அந்தத் தகவல் செல்களுக்கு எட்டாமல் தடுக்கும் புது மாத்திரையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதனை முறையில் கொடுத்தார்கள். சில மாதங்களில் மாடிப்படி ஏறினார். மறுபடி ஏலத்துக்குப் போனார். குளிக்கும்போதும் கத்திரிக்காய் விலையைக் கூவினார். "வாய மூடுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பையோட வந்துடப்போறாங்க" என்று திட்டுவேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு குடல்வால் வெடித்து, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த வேறு ஆஸ்பத்திரியில் அவசர ஆபரேஷன் நடந்தது. நான் வேலையிலிருந்து போய்ச் சேர்வதற்குள் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டதையும், இல்லை என்று தான் சொன்னதையும் என் கணவரே பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார். அவர் சொல்லியிருப்பார், நிறுத்தியிருப்பார்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். தையல் பிரித்ததும் புண் வாய் திறந்தது. டாக்டர் மறுபடி தைத்தார், மறுபடி திறந்தது. சதை பிடிக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் புது மாத்திரை ஞாபகம் வந்தது. நுரையீரலில் நார் போடவிடாமல் தடுக்கும் மாத்திரைக்கு வயிறு எது, நுரையீரல் எது என்று தெரியாது.

அவரைத் தனியாகக் கேட்டேன். தலையணைக்கடியில் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சொன்னா நிறுத்திடுவாங்கடி. பழைய மூச்சு எனக்கு வேணாம். சொல்லாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை உருவிக்கொண்டு போய் டாக்டரிடம் சொன்னேன். அன்றே காய்ச்சல் ஏறி அவருக்கு நினைவு தப்பியது. சோதனை நடத்துபவர்களிடம் டாக்டர் போனில் விசாரித்துவிட்டு வந்து, மாத்திரையை நிறுத்தாவிட்டால் புண்ணின் சீழ் ரத்தத்தில் கலந்துவிடும், நிறுத்தினால் நுரையீரல் என்னாகும் என்று தன்னால் சொல்ல முடியாது, நீங்களே சொல்லுங்கள் என்றார். நிறுத்துங்கள் என்றேன். புண் என் கண்ணுக்குத் தெரிந்தது. நுரையீரல் தெரியவில்லை.

அதன் பிறகு காய்ச்சல் இறங்கியது, நினைவு திரும்பியது, புண் ஆறத் தொடங்கியது. புண் ஆற ஆற மூச்சு குறைந்தது. புண் மூடியதும் மாத்திரையை மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திட்டுவதற்கு மூச்சு இல்லை. தண்ணி என்பார், ஜன்னல் என்பார், அவ்வளவுதான். கடைசியாக, "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

அவர் இறந்த பிறகு உடம்பைத் துடைத்தபோது வயிற்றுத் தழும்பைப் பார்த்தேன். சுத்தமாக மூடியிருந்தது. டாக்டரின் தையலில் ஒரு குறையும் இல்லை. இன்று இந்த அறை வாசலில் என் கணவரின் அண்ணன், "டாக்டர்தான்னு மட்டும் சொல்லும்மா, உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். அவர் தம்பியைப் பறிகொடுத்தவர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "டாக்டரின் ஆலோசனைப்படி மாத்திரை நிறுத்தப்பட்டது" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அதை அடித்துவிட்டு, "நிறுத்துங்கள் என்றேன்" என்று எழுதச் சொன்னேன். எழுதுபவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கும்மா, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். நான் விடவில்லை. இப்போது இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, நடந்தபடியே உள்ளது. அடித்த இடத்திலும் தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)
இறந்தவரின் மனைவி