கேக்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்பாத அனுசுயா

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நிலோபர் டீச்சர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அனுசுயா அக்காவின் கணவர் சுரேஷ்கண்ணன் அண்ணன் அவர்களே, கோம்பையிலிருந்தும் கூடலூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் அக்கா தங்கைகளே, வெள்ளிக்கிழமைதோறும் அக்கா கையால் கேக் சாப்பிட்ட பிள்ளைகளே, அனைவருக்கும் என் வணக்கமும் சலாமும்.

நான் மிஸ்பா. இதே உத்தமபாளையத்துக்காரி. கல்லூரியில் படித்தவள்தான், ஆனால் மேடை ஏறிப் பழக்கமில்லை. அதனால் எழுதி வந்ததைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். இந்த மேசைமேல் மூடிய எவர்சில்வர் டப்பா ஒன்று இருக்கிறது. வந்ததிலிருந்து எல்லோரும் அதையே பார்க்கிறீர்கள். நானும்தான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

யார் இந்த அனுசுயா? கோம்பையில் திராட்சைத் தோட்டக்காரரின் மனைவி. எங்கள் வெள்ளிக்கிழமைக் குழுவைத் தொடங்கியவர். ஆளுக்கு ஒரு கேக்கோ பிஸ்கட்டோ வீட்டில் செய்து, சாயங்காலம் யாராவது ஒருத்தி வீட்டில் கூடிப் பகிர்ந்து சாப்பிடுகிற குழு. அவ்வளவுதான். இதற்கு ஒரு தலைவி, ஒரு இரங்கல் கூட்டமா என்று வெளியே சிலர் கேட்டார்களாம். கேட்கட்டும்! அந்த வெள்ளிக்கிழமைகள் இல்லாவிட்டால் வாரம் முழுக்க வீட்டுச் சுவரைத் தவிர யாரோடும் பேசாத பெண்கள் எங்களில் எத்தனை பேர் என்று அவர்களுக்குத் தெரியுமா?

அக்காவின் பன்னீர் திராட்சை மஃபினை யாரால் மறக்க முடியும்? ஒவ்வொரு பழமாக நறுக்கி விதையை எடுப்பார். எடுத்தும் ஒன்றிரண்டு தப்பிவிடும். "விதை கடிபட்டவகளுக்குப் பரிசு உண்டு" என்பார். என்ன பரிசு? இன்னொரு மஃபின்! பிள்ளைகள் விதைக்காகவே மென்று மென்று சாப்பிட்டார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு ஒரு கடை போடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். அக்கா என்ன சொன்னார்?

"கடை போட்டா வர்றவக நின்னுக்கிட்டே வாங்கிட்டுப் போயிருவாக. எனக்கு உக்காந்து பேசுறவக வேணும்."

இப்படியே நல்லதாக நாலு சொல்லி நான் இறங்கிவிடலாம். ஆனால் அது அக்காவுக்குச் செய்கிற மரியாதையா? மறைத்துப் பேசினால் அவரே வந்து, "ஏ மிஸ்பா, நடந்ததச் சொல்லு" என்பார். சொல்கிறேன்.

என் மகள் ரிஃபாவுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். இது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். அவளுக்காகவே கடலை சேர்க்காமல் ஒரு வெண்ணிலா கேக் செய்து கொண்டுவந்தார். பிள்ளை ஆசையாகத் தின்றாள். கை கழுவக்கூட எழவில்லை, கண் சிவந்தது, உதடு தடித்தது, மூச்சு சீறியது. சுரேஷ்கண்ணன் அண்ணன்தான் காரை எடுத்தார், அக்காவும் கூடவே ஏறிக்கொண்டார். தேனி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். எந்தத் தாயும் கேட்கக்கூடாத சத்தம்.

ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்தாள். பிறகு டாக்டர் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார், என்னென்ன சேர்த்தீர்கள் என்று.

"மைதா, சீனி, வெண்ணெய், முட்டை, எசன்ஸ். கடலையக் கண்ணாலகூடப் பாக்கல டாக்டர்."

"கேக் ஒட்டாம இருக்க தட்டுல என்ன தடவுனீங்க?"

"எண்ணெய்தான்."

"என்ன எண்ணெய்?"

அக்கா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

செக்கில் ஆட்டிய கடலெண்ணெய். நம் வீடுகளில் எண்ணெய் என்றாலே அதுதானே! அதைக் கடலை என்று யார் நினைக்கிறோம்? கடலை தின்பது, எண்ணெய் ஊற்றுவது. இந்த அரங்கில் இருக்கிற எத்தனை பேர் அதே எண்ணெயை அதே தட்டில் தடவியிருப்பீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு இந்த நியாயம் எதுவும் தெரியவில்லை. அவர் கையால் என் பிள்ளை சாகப் பார்த்தாள். அது ஒன்றுதான் தெரிந்தது.

என் கணவர் ரபீக், "இனி அவுக கொண்டு வர்ற எதையும் வாசலுக்குள்ள விடாத" என்றார். நானும் போனை எடுக்கவில்லை. அக்கா நேரில் வந்தார். கேட்டுக்கு வெளியே, வெறுங்கையோடு. நான் திறக்கவில்லை.

"என்ன வேணும்?"

"பிள்ளையப் பாக்கணும்."

"நல்லா இருக்கா."

"ஒன்னையும் பாக்கணும்."

"மன்னிப்புக் கேக்குறதுன்னா வேணாங்கா. போயிருங்க."

அதற்கு அவர் சொன்னதை இன்றுவரை என்னால் கடந்து போக முடியவில்லை. "மன்னிப்புக் கேக்க வரல மிஸ்பா. கேட்டா நீ சரின்னு சொல்லிருவ. எனக்கு நிம்மதி வந்துரும், பயம் ஒங்கிட்டயே கெடக்கும். அது எப்பிடி நியாயம்? பாதிப் பயத்த எங்கிட்டக் குடு."

யார் கேட்பார்கள் இப்படி? தவறு செய்தவர்கள் விலகிப் போவார்கள், அல்லது நம்மைச் சமாதானப்படுத்துவார்கள். பயத்தில் பங்கு கேட்டவர் என் அக்கா அனுசுயா ஒருவர்தான்!

கேட்டதோடு நின்றாரா? வீட்டிலிருந்து கடலெண்ணெயை அடியோடு ஒழித்தார். புதுத் தட்டு, புதுக் கரண்டி, புதுச் சல்லடை. சுரேஷ்கண்ணன் அண்ணன் என்னிடமே புலம்பினார்: "தங்கச்சி, கடலெண்ணெய் இல்லாத கத்திரிக்கா எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. ஒன் மகளுக்காக முழுங்குறேன்." அண்ணே, நீங்கள் முழுங்கியதற்கெல்லாம் நான் எந்த மேடையில் நன்றி சொல்வேன்?

பிறகு அக்கா என்னையும் ரிஃபாவையும் தன் சமையலறைக்கே அழைத்தார். ஒவ்வொரு பாக்கெட்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தேன். சந்தேகப்படுகிறாளே என்று முகம் சுளிக்கவில்லை. "நல்லாப் படி. எனக்குக் கண்ணாடி போட்டாலும் இந்தப் பொடி எழுத்து தெரிய மாட்டேங்குது" என்று அடுத்ததை நீட்டினார்.

அவற்றை வைத்துச் செய்த கேக் வெந்து ஆறியதும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தன் வாயில் போட்டுக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது.

"நீங்க தின்னா அவளுக்கு ஒத்துக்குமான்னு எப்பிடிக்கா தெரியும்?"

"தெரியாதுதான். எனக்கும் பயமா இருக்கு. அதான் வாயில எதையாச்சும் போட்டுக்கிட்டேன்."

அந்த நிலையிலும் சிரித்துவிட்டேன். பிறகு ரிஃபாவுக்கு ஒரு துண்டு கொடுத்தார். கொடுத்துவிட்டு, டாக்டர் தந்திருந்த அவசர ஊசியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பிள்ளையின் எதிரில் உட்கார்ந்தார். "நான் இங்கனதான் இருப்பேன்" என்றார். இருந்தார். அவளோடு பல்லாங்குழி ஆடினார், தோற்றார், மறுபடி ஆடினார். கண் மட்டும் அவள் உதட்டை விட்டு நகரவில்லை. என் தோள் தளர்ந்து, நானே "போதும்கா, ஒண்ணும் ஆகல" என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே கதைதான். ரிஃபா துண்டு முதலில் வெந்து வரும். அக்கா ஓரத்தைத் தின்பார். அவள் தின்பாள். எல்லோரும் கிளம்பிய பிறகும் அக்கா உட்கார்ந்திருப்பார். எங்கள் குழுவின் ராமுத்தாய் அக்கா கேலி செய்வார்: "ஏ மிஸ்பா, அனுசுயாவுக்கு ஒரு பாயும் தலகாணியும் எடுத்துப் போட்ரு. இவ இன்னைக்குக் கெளம்ப மாட்டா." அக்காவும் விடமாட்டார்: "நீ போத்தா. ஒன் புருசன் சோத்துக்குக் காத்துக் கெடக்காரு. என் புருசன் கத்திரிக்காயோட மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பாரு."

இப்படிப்பட்டவர் மூளையில் ரத்தக் கசிவு என்று ஒரு காலையில் விழுந்தார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லையே! எல்லோர் வீட்டிலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர், தன் வீட்டிலிருந்து மட்டும் ஏன் இவ்வளவு அவசரமாகக் கிளம்பினார்?

அவர் போனதிலிருந்து ரிஃபா என் கையால் தவிர வேறு யார் கையாலும் எதுவும் சாப்பிடவில்லை. நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் மிட்டாய் கொடுத்தால் மூடிய கைக்குள் வைத்து அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருகிறாள், பிசுபிசுத்துப் போய். முந்தாநாள் கேட்டாள்: "அனு பெரியம்மா இல்லாட்டி நான் கேக்கே சாப்பிடக் கூடாதாம்மா?"

என்ன பதில் சொல்வேன், சொல்லுங்கள்? ஆமாம் என்று சொல்லத்தான் முடிவு செய்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையோடு என் பயமெல்லாம் அடங்கிவிடும். ஆனால் பிள்ளை ஆயுசு முழுக்க எல்லா வீட்டு விசேஷத்திலும் கையை மூடிக்கொண்டு நிற்பாளே! அதற்காகவா அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்?

இப்போது இந்த டப்பா. இன்று காலை சுரேஷ்கண்ணன் அண்ணன் அக்காவின் சமையலறையைத் திறந்துவிட்டார். நிலோபர் டீச்சரும் ராமுத்தாய் அக்காவும் அக்காவின் தட்டில், அக்காவின் கரண்டியால் இதிலிருக்கும் மஃபினைச் சுட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போய் நின்று ஒவ்வொரு பாக்கெட்டையும் படித்தேன். அவர்களும் முகம் சுளிக்கவில்லை. கேக்கின் மேல் எனக்குச் சந்தேகமில்லை. என் மேல்தான் நம்பிக்கையில்லை. கூட உட்கார ஆள் இல்லாமல் இதை என் மகள் கையில் கொடுக்க எனக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை நிற்காது என்று குழுவின் சார்பில் இந்த மேடையில் உறுதி சொல்கிறோம். எதையாவது சாப்பிட முடியாத பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும், அதற்கான தட்டுதான் முதலில் அடுப்பில் ஏறும். கொடுப்பவர் கொடுத்துவிட்டுக் கிளம்ப மாட்டார். இது சத்தியம்.

அடுத்து மௌன அஞ்சலிக்காக உங்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். தலைவர் மன்னிக்க வேண்டும். நான் வேறொன்று கேட்கிறேன். தயவுசெய்து யாரும் எழுந்திருக்காதீர்கள். கிளம்பவும் கிளம்பாதீர்கள். ஊசி என் பையில் இருக்கிறது. இதோ, ஓரத்துண்டை நான் வாயில் போட்டுக்கொள்கிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ரிஃபா, மேல வாம்மா. டீச்சர் பக்கத்துல அந்தச் சேர்ல உக்காரு. பிஸ்மில்லாஹ் சொல்லிட்டுக் கடி. ஒண்ணும் பயப்படாத. எல்லாரும் இங்கனதான் இருக்காக.