லீவு நாளில் வரும் போன் கோல்

— ஆர் அது, தர்சினி? வென்ட்வேர்த்வில்லிலை கார் எடுத்ததிலை இருந்து உன்ரை போன் அடிச்சுக்கொண்டே இருக்கு.

— யூனியன் விசயம். நீங்கள் றோட்டைப் பாத்து ஓடுங்கோ, கேதீஸ்.

— ஞாயிற்றுக்கிழமையுமோ? அந்தக் கிரண்தானே?

— கிரண் எண்டால் என்ன? அவர் யூனியன்காரர். நான் எங்கட நேர்சிங் ஹோமிலை யூனியன் பிரதிநிதி. கதைக்கத்தானே வேணும்.

— முந்தி உன்ரை முகத்திலை சிரிப்பைக் காணேலாது. பிரதிநிதியானாப் பிறகு போனைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறாய்.

— கடவுளே! உங்களுக்கு எரியுது.

— எரியுதுதான்! அண்டைக்கு மீற்றிங் முடிய உன்னை ஏத்த வந்தனான். நீ ஏதோ சொல்ல, சுத்தி நிண்ட சனம் கைதட்டுது. அவன் உன்ரை தோளிலை தட்டுறான். நான் டக்சிக்காரன் மாதிரி காருக்குள்ளை இருந்து பாக்கிறன்.

— இறங்கி வந்திருக்கலாமே.

— ஆரெண்டு சொல்லிக்கொண்டு வாறது?

— என்ரை மனிசன் எண்டு. வேறை என்ன?

— சும்மா கதையாதை. வேலை முடிஞ்சால் போன் எடுக்கத் தேவையில்லை எண்டு இப்ப சட்டமே இருக்கு. நீதானே வீட்டிலை வகுப்பெடுத்தனீ.

— அது முதலாளிமாரின்ரை போன் கோலுக்கு. அதுவும் நியாயமான அவசரம் எண்டால் எடுக்கத்தான் வேணும். கிரண் என்ரை முதலாளியில்லை.

— அப்ப எனக்கு மட்டும் ஒரு சட்டமும் இல்லை. லீவு நாளிலை போன் வழியா அடுத்தவன்ரை வீட்டுக்குள்ளை நுழையிறவன் என்ன மனிசன்? வெக்கமில்லை?

— ஓம், வெக்கப்படத்தான் வேணும்.

— போனைத் தா இஞ்சை.

— முதல் ஓரமா நிப்பாட்டுங்கோ.

— நிப்பாட்டியாச்சு. வாசி பாப்பம்.

— இது கிரண் இல்லை. பிரதீப்குமார் எண்டு தமிழ்நாட்டுப் பெடியன், வேர்ஹவுஸிலை வேலை. தமிழிலை விளங்கப்படுத்துவன் எண்டு ஆரோ என்ரை நம்பரைக் குடுத்திருக்கினம். கேளுங்கோ: “அக்கா, லீவு நாள்லயும் சூப்பர்வைசர் விடாம கூப்பிடுறார். எடுக்கலன்னா ஷிப்டைக் குறைச்சிடுறார். யார்கூட இவ்வளவு பேச்சுன்னு என் வொய்ஃப் தினம் சண்டை போடுறா. நான் எடுக்காம விட்டா சட்டம் எனக்குத் துணை நிக்குமா?”

— எந்த வேர்ஹவுஸ்?

— அவன்ரை மனிசிக்கும் உங்களை மாதிரித்தான் எரியுது, பாருங்கோ.

— எந்த வேர்ஹவுஸ் எண்டு கேட்டனான்!

— உங்கடதான். சூப்பர்வைசற்றை பேர் கேதீஸ்வரனாம். நான் ஆற்றை மனிசி எண்டு அந்தப் பெடியனுக்குத் தெரியாது. “நிக்கும் தம்பி, நானும் நிப்பன்” எண்டு இப்பத்தான் பதில் போட்டனான்.