பேனா மூக்குகளை எடுத்தது நான்தான்

என் பெயர், கதவு எண், தொலைபேசி எண் மூன்றும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. கணவர் பஸ் ஓட்டுநர். மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள பேனா பட்டறையில் நானும் என் உடன்பிறந்த அண்ணனும் சரிபாதிப் பங்குதாரர்கள். பட்டறையில் என்னை டிக்கக்கா என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பேனாவையும் காதருகே வைத்து அழுத்தி, 'டிக்' சத்தம் சரியாகக் கேட்ட பிறகே பெட்டியில் போடுவேன் என்பதால் வந்த பெயர் அது. என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். காலையிலிருந்து இங்கே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் எங்கள் பழைய ஃபிட்டருக்கும் இந்தச் சம்பவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நாங்கள் செய்வது மூடியில்லாத மை பேனா. பின்னால் அழுத்தினால் நிப் வெளியே வரும், மறுபடி அழுத்தினால் உள்ளே போகும். அண்ணன் முன்பு வேலை பார்த்த இடத்தில் பிரஸ் மெஷினில் சிக்கி அவருடைய இடது கை விரல்கள் மடங்காமல் போயின. அதன் பிறகு அவர் பேனா மூடியைப் பல்லால் கடித்துத்தான் திறந்தார். வங்கியில் ஒருமுறை அதைப் பார்த்து யாரோ சிரித்த பிறகு மை பேனாவையே விட்டுவிட்டார். அதன் பிறகு நான் வெளிநாட்டுப் பேனா ஒன்றை வாங்கிப் பிரித்து, உள்ளே இருப்பதைப் புரிந்துகொண்டு, அவருக்காக ஒன்று செய்தேன். அதிலிருந்துதான் எங்கள் தொழில் ஆரம்பித்தது.

இதை எழுதிக்கொள்ளும் எழுத்தர் கேட்டதால் பேனாவின் உட்பகுதியைப் பற்றியும் சொல்கிறேன். பால்பாயின்ட் மை கெட்டியானது, காற்றுப் பட்டால் ஒன்றும் ஆகாது. எங்கள் மை தண்ணீர் மாதிரி. நிப் திறந்தே இருந்தால் காய்ந்துவிடும். அதனால் பேனாவின் வாயில் சின்னதாக ஒரு கதவு உண்டு. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அதற்கு ஒரு கீல், கீலில் தலைமுடி தடிமனுக்கு ஒரு ஸ்பிரிங். பின்னால் அழுத்தும்போது பல் வெட்டிய ஒரு வளையம் கொஞ்சம் திரும்பி நிப்பை முன்னால் கொண்டுவந்து பூட்டும், கதவு ஒதுங்கி வழிவிடும். மறுபடி அழுத்தினால் வளையம் விடும், பெரிய ஸ்பிரிங் நிப்பை உள்ளே இழுக்கும், சின்ன ஸ்பிரிங் கதவைச் சாத்தும். வேறு எது கெட்டாலும் பேனா எழுதாது, அவ்வளவுதான். அந்தச் சின்ன ஸ்பிரிங் தளர்ந்தால், கொஞ்சம் குனிந்தாலே பேனா வைத்திருப்பவரின் சட்டையில் எழுதும்.

இந்த இடத்தில் எழுத்தர், "ஏம்மா, இவ்வளவு கஷ்டத்துக்குப் பேசாம ஒரு மூடியப் போட்டுடலாமே?" என்றார். "அந்த மூடியத் திறக்க ரெண்டு கை வேணும் சார்" என்றேன். அதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்.

அதன் பிறகு நடந்தது என்னவென்றால், ஆஸ்பத்திரிகளுக்குப் பொருள் கொடுக்கும் மொத்த வியாபாரி ஒருவர் ஆயிரம் பேனா கேட்டார். ஒரு கையால் நோயாளியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் எழுதும் நர்சுகளுக்கு என்றார். இவ்வளவு பெரிய ஆர்டர் எங்களுக்கு வந்ததில்லை. அந்த நேரம் பார்த்து, சின்ன ஸ்பிரிங் சுற்ற வழக்கமாகக் கம்பி கொடுப்பவர் கடையை மூடிவிட்டதால் அண்ணன் வேறு இடத்தில் கம்பி வாங்கி வந்தார். அன்று நான் மகளின் கல்லூரிக்குப் போயிருந்தேன். ஃபிட்டர் கம்பியை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு முதுகெலும்பே இல்ல. வளைச்ச இடத்துலயே உக்காந்துக்குது" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அண்ணன், "கம்பிக்கு இல்லாட்டி என்ன, உனக்கு வாய் இருக்கே, அது போதும்" என்றிருக்கிறார். ஃபிட்டர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு வேறு ஆளை வைத்துப் பேனாக்களை முடித்தோம். என் காதுக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டன. இருந்தாலும் ஃபிட்டர் சொன்னது மனதில் உறுத்தியதால் பத்துப் பேனாவை வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் கணவர் லீவு நாளில் டிவி முன்னால் உட்கார்ந்து கட்டைவிரல் வீங்கும்வரை அழுத்தினார். "பஸ்ஸுல ஹாரன் அடிக்கிறது இதவிடச் சுலபம்டி" என்றார். முடிவில் நான்கு பேனாக்களில் கதவு சரியாகச் சாத்தவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவரின் இமை மாதிரி பாதியில் நின்றது.

சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணியின் அக்கா மகள் திருமணத்துக்காக அவர்கள் வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, பத்துல நாலு சாத்தல" என்றேன்.

"ஆறு சாத்துதுல்ல?"

"விளையாடாதீங்க. நர்சு ஊசி போடுற நேரத்துல கையெல்லாம் மை வழிஞ்சா என்ன பண்றது?"

"திங்கட்கிழமை வண்டி வருது. வாக்குக் குடுத்துட்டேன். பிரச்சனை வந்தா மாத்திக் குடுப்போம். நீ ஊதிப் பெருசாக்காத."

அண்ணி உள்ளேயிருந்து, "அவ சொல்றதக் கொஞ்சம் காது குடுத்துத்தான் கேளுங்களேன்" என்றார். அண்ணன் சூட்கேஸை முழங்காலால் அமுக்கி மூடினார். 

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடமுள்ள சாவியால் பட்டறையைத் திறந்தேன். பேனா பாகங்களைப் பொருத்தும் வேலை செய்யும் குட்டையக்காவும் அவருடைய நாத்தனாரும் நான் கூப்பிட்டதால் வந்தார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. மூவருமாக உட்கார்ந்து பெட்டிகளில் இருந்த எல்லாப் பேனாக்களின் முன்பக்கத்தையும் திருகிக் கழற்றினோம். அதை நாங்கள் மூக்கு என்போம். கதவு, கீல், ஸ்பிரிங் மூன்றும் அதில்தான் இருக்கின்றன. கிளிப்பும் அதோடு சேர்ந்து வந்துவிடும். எங்கள் பேனாவில் கிளிப் நிப் பக்கம் இருக்கும். சட்டைப் பையில் குத்தினால் நிப் வானம் பார்த்து நிற்கும், மை கீழே இறங்காது. மூக்குகளை மூடி போட்ட இரண்டு பக்கெட்டுகளில் போட்டு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். முழுப் பேனாக்களையும் எடுத்திருந்தால் அண்ணன் ஒடிந்து போயிருப்பார். மூக்கு மட்டும் இல்லையென்றால் பேனாவை விற்கவும் முடியாது, பேனாவும் வீணாகாது. நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

வண்டி வருவதற்குள் அண்ணனிடம் நேரில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அவர் இன்று காலை ஊரிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்து, பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, இது ஃபிட்டர் கோபத்தில் செய்த வேலை என்று இங்கே வந்து புகார் கொடுத்துவிட்டார். டீக்கடையில் நின்றுகொண்டிருந்த ஃபிட்டரைப் போலீஸ் கூட்டிப்போனதாகக் குட்டையக்கா போனில் சொன்னார். உடனே பக்கெட்டுகளோடு கிளம்பி வந்தேன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "உங்க பட்டறையில நீங்களே திருடினீங்களா?" என்று கேட்டார். "பட்டறையில பாதி என்னுது சார். ஒவ்வொரு பேனாவுலயும் முன்பாதிய மட்டும்தான் எடுத்தேன்" என்றேன். எழுத்தர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

அதன் பிறகு என் கணவர் அழுத்திப் பார்த்த பேனாக்களில் கதவு சாத்தாத ஒன்றை அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிய வேகத்தில் அழுத்தினார். நிப் வந்தது, போனது. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்குப் பதில் சொல்வது போல அழுத்தினார். ஒரு தடவை நிப் பாதி சாத்திய கதவில் முட்டி வளைந்தது. மை விரல் வழியாக மணிக்கட்டுவரை இறங்கியது. கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கைக்குட்டை வலது பக்கப் பையில் இருந்தது. மையான கையை உள்ளே விடவும் முடியாமல், இடது கையால் எடுக்கவும் முடியாமல் அப்படியே நின்றார். நான் எழுவதற்குள் ஃபிட்டர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து தன் கைக்குட்டையால் அவர் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

துடைத்து முடித்தார். அதன் பிறகு அண்ணன், "பழைய மாதிரிக் கம்பி எங்கடா கிடைக்கும்?" என்று கேட்டார்.

"கடிகாரம் ரிப்பேர் பண்றவங்க வாங்குற எடத்துல கேட்டு வச்சிருக்கேண்ணே."

"வேலைய விட்டுட்டுப் போனவன் எதுக்குக் கேட்ட?"

"கோபம் உங்க மேலதான். பேனா மேல இல்ல."

அண்ணன் இங்கிருந்தே மொத்த வியாபாரிக்குப் போன் செய்து, சரக்கு தாமதமாகும் என்றார். அவர் கத்தியது அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பாதி ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அண்ணன் அதற்கும் சரி என்றார். அதன் பிறகு ஃபிட்டர் மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக்கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாதி ஆர்டர் போனது எனக்கும் நஷ்டம்தான். ஆனாலும் நான் செய்தது சரி.

இதுவரை நான் சொன்னதை எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். அதில் ஓரிடத்தில் நான் மூக்குகளை 'தவறுதலாக எடுத்துச் சென்றதாக' எழுதப்பட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் எனக்கு நல்லது நினைத்து அப்படி எழுதச் சொன்னதாகத் தெரிந்தது. நான் அந்த வார்த்தையை அடிக்கச் சொன்னேன். எழுத்தர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அப்போது சுவரோரம் நின்றிருந்த அண்ணன், "அவ தெரிஞ்சுதான் செஞ்சா சார். அப்படியே எழுதுங்க" என்றார்.

'தவறுதலாக' என்பது அடிக்கப்பட்டு, 'தெரிந்தே' என்று மேலே எழுதப்பட்டது. அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மையாகவும் இருக்கிறது.

(ஒப்பம்)