நூத்திப் பதினேழு

நெருங்கி உக்காருங்க... பேய்னா ராத்திரிதான் வரும்னு யார் சொன்னது? இது மத்தியானம் ரெண்டு மணிக்கு நடந்தது. என் சிநேகிதியோட அண்ணனுக்கு.

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போற ரோடு. ஈ காக்கா இல்ல. கேட்டுப் பக்கத்துல ஒரு அம்மா மட்டும் நின்னுட்டிருந்தாங்க... கையில ஒரு காகிதம்.

அண்ணனுக்கு என்ன வேலைன்னா, நோய்ப்பட்ட குழந்தைங்க ரத்தத்துல இருந்து படிச்ச மரபணு ஃபைலையெல்லாம் பேரை எடுத்துட்டு, நம்பர் போட்டு, உலகமே பாக்கற பொதுக் காப்பகத்துக்கு அனுப்பணும். மொத்தம் இருநூறு குழந்தைங்க.

"தம்பி, என் பொண்ணு போயிட்டா. அவளோடத மட்டும் அனுப்பாதீங்க. இனியாவது அவள நிம்மதியா விடுங்க."

"சரிம்மா, எடுத்துடறேன்"னாரு. காகிதத்தை வாங்கி டிராயர்ல போட்டாரு. எடுக்கல. ஒண்ணு குறைஞ்சா பேராசிரியர் உசுர வாங்குவாரே.

அனுப்பினாரு. எல்லாம் சரி, நூத்திப் பதினேழு மட்டும் திரும்பிடுச்சு. அந்தப் பொண்ணோடது. இங்கேர்ந்து போனதும் அங்க போய்ச் சேந்ததும் பொருந்தலையாம். மறுபடி அனுப்பினாரு... பொருந்தல. மறுபடி... ஏசி ரூம்ல ஸ்பிரிட் வாடை. ஊசி போடறதுக்கு முன்னாடி பஞ்சுல தடவுவாங்களே, அது. பக்கத்துல யாரோ மூக்கை உறிஞ்சற சத்தம்... திரும்பினா காலி நாற்காலி.

மனுஷன் பயந்தாரா? எரிச்சல்தான் பட்டாரு. மெஷினைச் சோதிக்கறதுக்காக எப்பவோ தன் பொண்ணு ரத்தத்தையே ஓட்டிப் பாத்த ஃபைல் ஒண்ணு இருந்துச்சு. இந்தப் பொண்ணு இன்னைக்குக் காலைலதான் தலையில மாட்டற ரெண்டு சிவப்பு கிளிப்புல ஒண்ணு கிடைக்காம, ஒத்தைக் கிளிப்போடயே ஸ்கூலுக்குப் போயிருந்தா. அந்த ஃபைலுக்கு நூத்திப் பதினேழுன்னு பேர் மாத்தினாரு. ஃபைலோட கூடப் போற விவர அட்டவணையைத் தொடல. அதுல இருந்தது, 'பெண். வயது ஆறு. இறந்துவிட்டாள்.' இவர் பொண்ணுக்கும் ஆறுதான். பேரே இல்லாத இடத்துல யாருக்குத் தெரியப்போகுதுன்னு அனுப்பிட்டாரு.

ஒரே நொடி. பொருந்திடுச்சு.

மூணே முக்காலுக்கு ஸ்கூல்ல இருந்து போன்... பெஞ்சுல தலை சாய்ச்சவ எந்திரிக்கலையாம்.

பத்து நாள் கழிச்சு காப்பகத்துக்கு எழுதிக் கெஞ்சினாரு. அந்த ஃபைலை எடுத்துடுங்கன்னு. மறைச்சு வைக்கலாம், அழிக்க முடியாதுன்னு பதில் வந்துச்சு.

அன்னைக்கும் மத்தியானம் ரெண்டு மணி. கேட்டுப் பக்கத்துல அதே அம்மா. முகமெல்லாம் சிரிப்பு.

"சொன்ன மாதிரியே எடுத்துட்டீங்க தம்பி, நல்லா இருப்பீங்க. எம்பொண்ணு கனவுல வந்து சொன்னா... இப்ப அவ இடத்துல வேற பாப்பா உக்காந்திருக்காம்... தலையில ஒத்தைக் கிளிப்பாம்."