செவ்வாய்க்கிழமை நாடகமும் திங்கட்கிழமை ஆரத்தியும்

கொரட்டூரில் ஆவடி வண்டி ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் பொருமினாள்: "ஜெயில்லேர்ந்து வந்தவன் மூணு வாரமா வாசல்லயே நின்னுகினு கீறான். பொண்டாட்டி கதவத் தொறக்கவே மாட்டேன்றா."

டி.வி. நாடகம்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுக்கேட்டேன். வீட்டில் அந்த நாடகம் ஓடும்போதெல்லாம் தூங்குகிறவன்போலக் கிடந்து கேட்டு எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

"இன்னாக்கா அவசரம்? வர்ற செவ்வாய் தொறப்பா," என்றாள் இளையவள்.

மூத்தவளின் குரல் இறங்கியது. "எங்கூட்டுக்காரர திங்கக்கெழமயே உட்றாங்கடி. ஆரத்தி எடுக்கறதா வேணாமான்னு புரியல. நாடகத்துல அவ இன்னா பண்றான்னு பாத்துட்டு செய்யலாம்னு இருந்தேன்."

"எடுக்கா. இதுல இன்னா கீது?"

"அக்கம்பக்கத்துல பம்பாய்ல வேலைன்னு சொல்லிவெச்சிருக்கேன். பம்பாய்லேர்ந்து வர்றவருக்கு எவளாச்சும் ஆரத்தி எடுப்பாளா? எடுக்காம உள்ள கூப்ட்டா மனுசன் ஒடஞ்சிருவாரு."

"ரயில்ல ஒடம்பு சரியில்லாம பொழச்சி வந்தாருன்னு சொல்லு."

"ஆரத்தியப் பாத்ததும் தெருவுல நின்னு அழுதுட்டார்னா?"

இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழட்டும்க்கா. அத்தினி வருசம் பம்பாய்ல தனியா இருந்த மனுசனுக்கு, பொண்டாட்டியப் பாத்தா அழுக வராதா?"