மலையைக் காட்டிச் சொன்ன பேர்

வேங்கிக்காலில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கலெக்டர் ஆபீசிலிருந்து இரண்டு பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவளுக்குப் புருஷன் இல்லை.

"மலையக் கை காட்டினேன். பேரு கேட்ட கிளார்க்கு அருணாசலம்னு எழுதிக்கிட்டாரு. அந்தப் பேருல யாரும் சாவலன்னுட்டாரு," என்றாள் மூத்தவள்.

செத்தவர் பேர் அண்ணாமலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னாக்கா? சாவு சர்ட்டிபிகேட்டு இல்லாம நெலம் பையன் பேருக்கு மாறாது. மணியக்காரரு தாலுக்காவுக்குப் போன்னாரு, தாலுக்காவுல இங்க போன்னாங்க. எத்தினி வாட்டி அலையறது?"

"கூடத்தான நின்ன? நீ சொல்லக் கூடாதா?"

"எம் புருஷனுக்கு அண்ணனாச்சே. நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கட்டினதுலருந்து சொன்னதில்லடி. சொல்லிட்டா, அவரு நெசமாவே இல்லன்னு ஆயிடும்."

பஸ் வந்தது. நான் ஏறினேன். அவர்கள் ஏறவில்லை. மூத்தவள் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆபீசுப் பக்கமே திரும்பி நடந்தாள்.